காஞ்சி வரலாறு பயில்வார்க்குரிய நூல்கள்: கோயிலும் தறியும்

காஞ்சி மாநகரின் வரலாற்றை ஆராயப் புகும் மாணவர் எம்மிடம் முதற்கண் வினவுவது, எந்நூலை முதலிற் படித்தல் வேண்டும் என்பதே. ஒரு நூற்பட்டியை எழுதிக் கையிற் கொடுத்து விடுத்தல் எளிது. பல ஆண்டுகள் யாமும் அவ்வாறே செய்து வந்தோம். அப்பட்டியைக் கொண்டு சென்றோர் எழுதிக் கொணர்ந்த கட்டுரைகளைப் படிக்குங்கால் ஒரு குறை எமக்குப் புலனாயிற்று. கோயிலைப் பற்றி எழுதினோர் தறியைக் காணவில்லை. தறியைப் பற்றி எழுதினோர் கல்வெட்டுத் தொகுதியைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒரே ஊரைப் பற்றிய இருவகைக் கட்டுரைகளும் ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊர்களைப் பற்றியன போன்று இருந்தன.

இக்குறையை மாணவர் மேல் ஏற்றுதல் நேர்மையன்று. நூல்களே அவ்வாறு இரு கூறாய்ப் பிரிந்து நிற்கின்றன. 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிச் சென்னை மாநிலத்திற்கென வெளியிடப்பெற்ற தொகுதிகளை நோக்குக. செங்கற்பட்டு மாவட்டக் கோயில்களுக்கு ஒரு தொகுதி; காஞ்சிபுரத்துப் பட்டு நெசவிற்கு வேறொரு தொகுதி. இரண்டும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேற்பார்வையாளரின் கீழ் உருவாயின. எனினும் இரண்டும் வெவ்வேறு கட்டடங்களாகவே நூலக அடுக்கிற் புகுந்தன. ஒன்று சமய நூல்களின் அருகிலும் மற்றொன்று தொழில் நூல்களின் அருகிலும் வைக்கப்பட்டன. அன்று பிரிந்தவை இன்றும் ஒன்று சேரவில்லை. அவற்றை ஒன்று சேர்த்துப் படிக்கும் முறை யாது என்பதே இக்கட்டுரையிற் கூறப் புகுவது.

முதலில் ஒரு பிழையைக் களைதல் வேண்டும். பட்டுச் சேலைக் கடையில் தரப்படும் தாள் முதலாகப் பயண வழிகாட்டி நூல்கள் ஈறாக எங்கும் காணப்படும் செய்தி ஒன்று உண்டு: விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் காலத்தில், ஏறத்தாழ நானூறு ஆண்டுகட்கு முன்னர், ஆந்திர நாட்டினின்றும் தேவாங்கரும் சாலியரும் காஞ்சிக்கு வந்து குடியேறிப் பட்டு நெசவைத் தொடங்கினர் என்பது அது. கிருட்டிணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. இன்றைக்கு நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட காலமோ அவர் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த காலம். ஒரே தொடரின் முற்பகுதியைப் பிற்பகுதி மறுக்கின்றது. இத்தொடரை முதலில் எழுதியவர் காலத்தில் கணக்கு ஓரளவு பொருந்தியிருத்தலும் கூடும். பின் வந்தோர் எண்ணைத் திருத்தாது படியெடுத்தனர் போலும். இதனை ஒரு கடைத்தாளில் காணின் குற்றமில்லை. முதுகலைப் பட்டத்திற்கு எழுதிய ஆய்வேட்டில், அடிக்குறிப்பும் இன்றிக் காணும்பொழுது வருந்தாமல் இருத்தல் அரிது.

இப்பிழையினின்றும் விடுபடுதற்குச் சிறந்த மருந்து ஒரு செப்பேடு. உத்தம சோழனது ஆட்சியின் பதினாறாம் ஆண்டைச் சார்ந்ததும், சென்னை அரசு அருங்காட்சியகத்தில் இருத்தலால் சென்னை அருங்காட்சியகச் செப்பேடு என வழங்கப்பெறுவதுமான அவ்வேடு, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 128-ஆம் எண்ணுடன் பதிப்பிக்கப்பெற்றுள்ளது. காலம் பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி. காஞ்சி வரலாறு பயில்வார் எந்நூலையும் தொடுதற்கு முன்னர் இச்செப்பேட்டைப் படித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

காரணம் கூறுவோம். செப்பேட்டின் பொருள், கச்சிப்பேட்டு ஊரகம் என்னும் திருமால் கோயிலுக்குரிய வருவாயும் செலவும் ஆகும். இன்று உலகளந்த பெருமாள் கோயில் என வழங்குவது அதுவே. நிறுத்தும் அளந்தும் விற்கும் பொருள்மேற் பெறும் கட்டணம், நிலத்தின் வருவாய், பொன்னை வட்டிக்குப் பெற்ற ஊரார் செலுத்த வேண்டுவன ஆகியவை ஒவ்வொன்றாய் வகுக்கப்படுகின்றன. அவ்வளவோடு நின்றிருப்பின் இதுவும் ஆயிரம் கோயிற் சாசனங்களுள் ஒன்றாய் அமைந்திருக்கும். ஆனால் அக்கோயிற் காரியத்தை நடத்தும் பொறுப்பு யாரிடம் ஒப்புவிக்கப்பட்டது? பட்டசாலிகள் எனப்படும் நெசவாளரிடம். அவர்கள் குடியிருந்த நான்கு சேரிகளும் பெயர் சுட்டப்பெறுகின்றன. எற்றுவழிச்சேரி, கருவுளான்பாடி, அதிமானப்பாடி என்பன அவற்றுட் சில. கோயிற் கணக்கை ஆராயும் கடமையில் அச்சேரியாருக்கும் பங்கு உண்டு. தறியில் இருந்தவர் கோயிலுக்கு வெளியே நின்று துணி கொடுத்துவிட்டுச் சென்றவர் அல்லர். கோயிலின் பொன்னுக்கும் நெல்லுக்கும் பொறுப்பேற்றவர். கிருட்டிணதேவராயருக்கு ஐந்து நூற்றாண்டுகட்கு முற்பட்ட சான்று இது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. இச்செப்பேட்டைக் கண்டவுடன், காஞ்சிப் பட்டு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என முழங்குதல் முன்னைய பிழையினும் பெரும்பிழையாய் முடியும். பட்டசாலி என்னும் சொல்லின் முற்பகுதி பட்டினைக் குறிக்குமா, பொதுவாக ஆடையினைக் குறிக்குமா என்பது ஆராயற்பாலது. வடமொழியில் ‘பட்டம்’ என்னும் சொல் துணிக்கும் பட்டுத்துணிக்கும் வழங்குவது. தமிழில் பட்டு என்னும் சொல் பட்டினப்பாலையிலேயே வந்துள்ளது என்பது உண்மையே. ஆனால் பட்டு உடுத்தல் வேறு, பட்டு நெய்தல் வேறு. காஞ்சியில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர் நெசவாளர் செல்வாக்குடன் வாழ்ந்தனர் என்பதனைச் செப்பேடு ஐயமற நிறுவுகின்றது. அவர்கள் நெய்தது இன்று நாம் அறிந்த கனத்த சரிகைக் கரைச் சேலை என்பதனை அது நிறுவவில்லை. சான்று செல்லும் எல்லை வரையிற் செல்லுதலும், அது நிற்குமிடத்தில் நிற்றலும் பயில்வதற்கு இவ்வோர் ஏடே போதும்.

நிற்க. இனிப் பல்லவர் பற்றிய நூல்களுக்கு வருவோம். இத்துறையில் நூல்கள் மிகுதி; ஆதலின் தெரிந்தெடுத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் ரா. கோபாலன் எழுதிய காஞ்சிப் பல்லவர் வரலாறு 1928-இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. அரசர் வரிசையை அறிதற்கு அது இன்றும் துணை செய்யும். ஆயினும் பின்னர்க் கிடைத்த செப்பேடுகளால் பல இடங்களில் திருத்தம் பெற வேண்டுவது. தி. வை. மகாலிங்கம் 1969-இல் வெளியிட்ட, பண்டைத் தென்னிந்திய வரலாற்றிற் காஞ்சிபுரம் பற்றிய நூல், அரசர் வரலாற்றை நகர வரலாற்றோடு இணைக்க முயன்றது. தமிழ் வரலாற்றுக் கழகம் 1966-இல் வெளியிட்ட ‘பல்லவர் செப்பேடுகள் முப்பது’ என்னும் தொகுப்பினைத் தமிழ் மாணவர் தம் மேசைமேல் வைத்திருத்தல் நலம். மூலத்தைத் தமிழிலேயே விளக்கத்துடன் காணும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

இவர்களுள் யாம் சற்று விரிவாகக் கூற விழைவது சி. மீனாட்சி அம்மையாரைப் பற்றி. 1905-இல் பிறந்து 1940-இல், முப்பத்தைந்து வயதளவில் மறைந்த அவ்வம்மையார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாவார். அவர்தம் ‘பல்லவர் கால ஆட்சியும் சமுதாய வாழ்வும்’ என்னும் ஆங்கில நூல் 1938-இல் வெளிவந்தது. கோபாலன் போர்களை எண்ணிய இடத்தில் மீனாட்சி வரிகளை எண்ணினார். தறியின்மேல் விதித்த இறை, ஊரவை, நீர்ப்பாசனம், கல்விச் சாலை, இசை, கூத்து எனச் செப்பேட்டில் ஒரு சொல்லாய்க் கிடந்தவற்றை எடுத்து வாழ்க்கையாய் விரித்தார். வரி விலக்குப் பட்டியைப் படிக்குந்தோறும் மாணவர் பக்கத்தைத் தள்ளிவிட்டுச் செல்வது வழக்கம். அப்பட்டியினின்றே ஒரு காலத்து மக்களின் தொழில்களை மீட்டெடுக்கலாம் என்பதனை அந்நூல் காட்டிற்று.

அம்மையாரின் மற்றொரு நூல் அவர் மறைந்த பின் 1941-இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் வெளியீடாய் வந்தது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் வரலாற்றுச் சிற்பங்களைப் பற்றியது அது. இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில், பல்லவர் குலத்தின் தோற்றம் முதல் நந்திவர்மன் அரசனாய்த் தேர்ந்தெடுக்கப்பெற்ற செய்தி வரை வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. சிலவற்றின் கீழ் விளக்கக் கல்வெட்டுகளும் உள. மணற்கல்லில் அமைந்தமையால் ஆண்டுதோறும் தேய்ந்து வரும் அச்சிற்பங்களைப் பலகை பலகையாய்க் கண்டு, கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒப்பிட்டு அம்மையார் விளக்கினார். இக்கோயிலைப் பற்றியே டென்னிசு அட்சன் எழுதிய பெருநூல் 2008-இல் ஆக்சுபோர்டு வெளியீடாய் வந்தது. அட்சனார் சிற்பங்களைப் பாஞ்சராத்திர நெறியையும் பாகவதத்தையும் கொண்டு விளக்குகின்றார். நூல் ஆழமானது; சில இடங்களில் சுவரில் உள்ளதைக் காட்டிலும் ஆசிரியர் உள்ளத்தில் உள்ளது மிகுதியோ என எமக்குத் தோன்றிற்று. மீனாட்சியை முன்னும் அட்சனைப் பின்னும் படித்தல் தக்கது. மாற்றிப் படிப்பின் கல் கண்ணிற்படாமற் போகலாம்.

தமிழில் எழுந்தவற்றுள் மா. இராசமாணிக்கனாரின் ‘பல்லவர் வரலாறு’ 1944-இலும், மயிலை சீனி. வேங்கடசாமியாரின் ‘மகேந்திரவர்மன்’ 1955-இலும், ‘வாதாபி கொண்ட நரசிம்மவர்மன்’ 1957-இலும், ‘மூன்றாம் நந்திவர்மன்’ 1958-இலும் வெளிவந்தன. இவ்விருவர் நூல்களும் நாட்டுடைமை ஆக்கப்பட்டமையால் இணைய நூலகங்களில் எளிதிற் கிடைக்கின்றன. மயிலையாரின் நடை எளியது. ஆனால் எளிமையைக் கண்டு இலேசானவை எனக் கருதற்க. ஓர் அரசனை எடுத்துக்கொண்டு அவன் காலத்து இலக்கியம், சமயம், ஓவியம், கல்வெட்டு ஆகியவற்றை ஒருங்கே நிறுத்தும் முறையை இம்மூன்று சிறு நூல்களினின்றும் கற்கலாம்.

சமணரும் பௌத்தரும் வாழ்ந்த காஞ்சியை மறத்தலாகாது. சீனத் துறவி யுவான் சுவாங் கி. பி. 640-ஆம் ஆண்டளவில் இந்நகரைப் பற்றி எழுதிய குறிப்பில், நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் பதினாயிரம் துறவியரையும் எண்பது தேவ கோயில்களையும் குறித்துள்ளார். எண்கள் முழு எண்களாய் இருத்தலே அவற்றைக் கணக்கு எனக் கொள்ளாமல் மதிப்பு எனக் கொள்ள வேண்டும் என்பதனைக் காட்டும். அப்பௌத்தக் காஞ்சியின் எச்சங்களைத் து. அ. கோபிநாதராயர் 1915-இல் ஒரு கட்டுரையில் தொகுத்தார். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயில்களைப் பற்றித் து. நா. இராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாகத் தந்த நூல், அங்குள்ள விதான ஓவியங்களை விளக்குவதில் இன்றும் பயன் தருவது. மயிலையாரின் ‘பௌத்தமும் தமிழும்’, ‘சமணமும் தமிழும்’ ஆகிய இரண்டும் இவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கன.

தனிக் கோயில்களைப் பற்றிய நூல்களுள் கே. வி. இராமன் 1975-இல் வெளியிட்ட வரதராசப் பெருமாள் கோயில் ஆராய்ச்சி முறையால் சிறந்தது. கோயிலை வணங்குவோன் கண்ணோடும் கட்டடக் கலைஞன் கண்ணோடும் மட்டுமன்றி, கல்வெட்டில் வரும் பண்டாரம், பணியாளர், நிலம், விழா ஆகியவற்றைக் கணக்கிடுவோன் கண்ணோடும் அது நோக்குகின்றது. நாற்பது ஆண்டுகட்கு ஒருமுறை நீரினின்றும் எழுந்தருளும் அத்திவரதர் 1979-இலும் 2019-இலும் காட்சி தந்தார். 2019-இல் நாற்பத்தெட்டு நாள் நகரமே நிலைகொள்ளாதிருந்தது. அவ்வாண்டு வெளிவந்த துண்டு நூல்களுக்கு அளவில்லை. அவற்றுள் பெரும்பாலன ஒன்றையொன்று படியெடுத்தவை. அவ்விழாவைப் பற்றி எழுத விரும்பும் மாணவர் இராமனின் நூலில் கோயிற் பணியாளரும் உரிமைகளும் பற்றிய இயல்களை முதலிற் படித்து, அதன் பின்னர்ச் செய்தித்தாள்களை எடுத்தல் நன்று.

கைலாசநாதர் கோயிலைப் பற்றிப் பத்மா கைமால் எழுதிய நூல் 2020-இல் வந்தது. இராசசிம்மன் கட்டிய அக்கோயிலில் அரசியர் பங்கினையும், சிற்பங்கள் திசைக்கேற்ப அமைந்த முறையினையும் அவர் விரிக்கின்றார். அந்நூலுடன் ஒரு கல்வெட்டையும் சேர்த்துப் படிக்குமாறு வேண்டுவோம். பல்லவரை வென்று காஞ்சியுட் புகுந்த சளுக்கிய வேந்தன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அக்கோயிலின் பொருளைக் கவராது திருப்பித் தந்ததாகக் கன்னட மொழியில் அங்குள்ள தூண் ஒன்றிலேயே பொறிப்பித்தான். பகைவனது சாசனம் தோற்றவனது கோயிலில் இன்றும் நிற்கின்றது. பின்னர் அந்நகரை மீட்ட பல்லவர் அதனை அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்னும் வினா ஓர் ஆய்வேட்டிற்குப் போதுமானது.

கைமாலின் முன்னைய நூல் ஒன்று 2012-இல் வெளிவந்தது; அதனைப் படித்து யாம் இரண்டு நாள் வேறொன்றும் படிக்க இயலாதிருந்தோம். காஞ்சிப் பகுதியினின்றும் 1920-களில் திரட்டப்பெற்று, வணிகர் கைமாறி, பாரிசு, இலண்டன், தொரந்தோ, அமெரிக்க நகரங்கள் ஆகியவற்றின் அருங்காட்சியகங்களிற் சிதறிய பத்தாம் நூற்றாண்டு யோகினிச் சிற்பங்களின் வரலாறு அது. அவற்றைத் திரட்டி அனுப்பியவர் ழுவோ துப்ராய். பல்லவர் தொன்மைகளைப் பற்றி 1916 முதல் அவர் எழுதிய நூல்களை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகின்றோம். மகேந்திரவர்மனின் குகைக் கோயில்களையும் பிறவற்றையும் காலவரிசைப்படுத்தியதில் அவருக்குள்ள பங்கு மறுக்கவொண்ணாதது. அவரைப் படிக்க வேண்டா என யாம் கூறவில்லை. ஆராய்ந்த கையும் அகற்றிய கையும் ஒன்றே என்பதனை அறிந்து படித்தல் வேண்டும் என்கின்றோம்.

நகரத்தை முழுமையாய்க் கண்ட அண்மை நூல் எம்மா நத்தாலியா சுடெயின் எழுதி 2021-இல் ஆம்சுடர்டாம் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. கோயில்களைத் தனித்தனியே எடுக்காது, திருவிழா ஊர்வலத் தெருக்களைக் கொண்டு நகரம் எவ்வாறு வடிவம் பெற்றது என்பதனை அது ஆராய்கின்றது. தெருக்களைப் பற்றிய நூலாதலின் தெருவில் இருந்தோரைப் பற்றியும் நினைக்கத் தூண்டுகின்றது. தேர் செல்லும் தெருவிற்குப் பின்தெருவில் யார் இருந்தனர்? அவ்வினாவுடன் தறி நூல்களை எடுப்போம்.

அவற்றுள் முதலில் வைக்கத்தக்கது விசயா இராமசாமி 1985-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரும் துணிகளும் பற்றிய நூல். மேற்கூறிய உத்தம சோழன் செப்பேடு அந்நூலில் தனக்குரிய இடத்தைப் பெறுகின்றது. கல்வெட்டுகளைக் கொண்டே சாலியர், கைக்கோளர், தேவாங்கர் முதலியோரின் ஏற்றத்தாழ்வினை ஆசிரியர் நூற்றாண்டு நூற்றாண்டாய்க் காட்டுகின்றார். விசயநகர ஆட்சிக் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில், பிற ஊர்க் கைக்கோளர் தண்டும் சங்கும் பெறும் உரிமையைக் கேட்டபொழுது, காஞ்சிக் கைக்கோளர் பெற்றிருந்த உரிமையே அளவுகோலாய்க் கொள்ளப்பட்டது. பல்லக்கில் ஏறுதலும் சங்கு ஊதுவித்தலும் வெறும் ஆடம்பரம் அல்ல. தெருவில் யார் எவ்வாறு செல்லலாம் என்னும் வழக்கின் தீர்ப்பு. சுடெயின் கூறும் ஊர்வலத் தெருவிற்கும் இவ்வழக்கிற்கும் உள்ள தொடர்பினை வாசகரே உய்த்துணர்வர்.

பதினெட்டாம் நூற்றாண்டிற்குப் பிரசன்னன் பார்த்தசாரதியின் 2001-ஆம் ஆண்டு நூலும், காஞ்சியைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையில் கும்பினியார் ஆட்சி வேரூன்றிய வகையினை ஆராயும் இயூசின் இர்சிக்கின் 1994-ஆம் ஆண்டு நூலும் உதவுவன. முன்னையது, ஆங்கிலேயர் ஆட்சிக்கு முன்னர்த் தென்னாட்டு நெசவாளர் இங்கிலாந்து நெசவாளரினும் வறியவராய் இருந்தனர் என்னும் நெடுநாளைய எண்ணத்தை மறுப்பது. முன்பணம் பெற்ற நெசவாளன் வணிகனை விட்டு வேறு வணிகனிடம் செல்லும் உரிமையைக் கும்பினி ஆட்சி எவ்வாறு ஒடுக்கிற்று என்பதனை அதிற் காணலாம். சரிகையின் வரலாற்றை அறிதற்குத் தீர்த்தங்கர் இராயின் 1999-ஆம் ஆண்டு நூலில் ஒரு தனி இயல் உண்டு. எட்கார் தர்சுடன் 1899-இல் எழுதிய சென்னை மாகாணப் பட்டுத்துணித் தொழில் பற்றிய சிறு நூல் குறுகியது. ஒரு மாலைப்பொழுதிற் படித்து முடிக்கலாம்.

பழைய பதிவேடுகளைத் தேடுவோர்க்கு ஒரு குறிப்பு: ஆங்கிலப் பதிவுகளில் இவ்வூர் ‘காஞ்சீவரம்’ என்றே வரும். 1997 வரையில் இது செங்கற்பட்டு மாவட்டத்தின் கண்ணதாகவே பதியப்பெற்றது. காஞ்சிபுரம் மாவட்டம் எனத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை எனத் திரும்பிய மாணவரை யாம் அறிவோம். 1879-இல் கிரோல் எழுதிய செங்கற்பட்டு மாவட்டக் கையேடு அவர்க்கு அருகிலேயே இருந்தது.

இருபதாம் நூற்றாண்டிற்கு வருங்கால் இரண்டு நூல்களை இணையாய்ப் படித்தல் இன்றியமையாதது. ஒன்று, இவான் ஆர்ட்டர்பர்ன் 1982-இல் வெளியிட்ட, காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றிய ஆராய்ச்சி. மற்றொன்று, ஆர்த்தி காவுல்ரா 2018-இல் வெளியிட்ட, பத்மசாலியர் தம் குலமரபினைத் தாமே எவ்வாறு எடுத்துரைக்கின்றனர் என்பது பற்றிய நூல். முன்னைய நூலில் நெசவாளர் சங்க உறுப்பினர். பின்னைய நூலில் தாமரை நூலால் நெய்தோரின் வழிவந்தோர். ஒரே நெசவாளர் வங்கிக் கணக்கில் ஒருவராகவும் குலக்கதையில் மற்றொருவராகவும் தோன்றுதல் இயல்பே. மரபு என நாம் போற்றும் காஞ்சிச் சேலையின் தோற்றத்தில் இருபதாம் நூற்றாண்டின் இரசனையும் சந்தையும் எத்துணைப் பங்கு கொண்டன என்பதனைப் பின்னைய நூல் ஆராய்கின்றது. பெருமை குறையுமோ என அஞ்சுவோர் அதனைப் படிக்கத் தயங்குவர். அவர்களே முதலிற் படித்தல் வேண்டும்.

இந்நூல்களைப் படிக்குமுன் தொழிலின் ஒரு கூற்றினை அறிதல் நலம். அது கோர்வை. சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் இருக்க, உடலின் ஊடை கரைக்குள் புகாது கரையின் ஊடை இழையோடு பூட்டிக் கொள்ளுமாறு நெய்வது அது. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கை போதாது. பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எறிதற்கு மற்றொருவர் வேண்டும். விசைத்தறி இதனை எளிதிற் செய்ய இயலாமையே இக்கைத்தொழில் நிலைபெற்றதற்கு ஒரு காரணம். பக்கத்தில் அமர்ந்த அம்மற்றொருவர் நெடுங்காலம் ஒரு சிறுவராகவோ சிறுமியாகவோ இருந்தனர் என்பதும் அதே தொழில்நுட்பத்தின் மறுபக்கம். மனித உரிமைக் கண்காணிப்பு என்னும் பன்னாட்டு அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலிற் கடனுக்குப் பிணைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கோர்வையின் அழகினைப் புகழும் நூல்கள் பல. அவ்வறிக்கையையும் அருகில் வைத்துக்கொள்ளாதோர் சேலையின் ஒரு கரையை மட்டுமே கண்டோராவர்.

அண்மைக் கால நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரையில், நூல்களைக் காட்டிலும் சட்டங்களும் அறிக்கைகளும் முதன்மை பெறும். 1950-களின் தொடக்கத்தில் கைத்தறித் துணி விற்பனையின்றித் தேங்க, வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என முதலமைச்சர் இராசாசி வற்புறுத்தினார். 1953-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தினர் கைத்தறித் துணியைத் தோளிற் சுமந்து தெருத்தெருவாய் விற்றனர். அரசியலில் எதிர்நின்ற இருவரும் தறியைப் பொறுத்து ஒரு பக்கம் நின்ற நிகழ்ச்சி அது. அக்கழகத்தின் தலைவர் அறிஞர் அண்ணா 1909-இல் காஞ்சியில் நெசவுக் குடும்பத்தில் தோன்றியவர். 1942-இல் ‘திராவிட நாடு’ இதழை இவ்வூரினின்றே தொடங்கியவர். ரா. கண்ணன் 2010-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அண்ணாவின் வாழ்க்கை வரலாறு அவ்வரசியலை விளக்கும். கோயில் நூல் படிப்போர் இதனைத் தம் துறையன்று எனத் தள்ளுதல் கூடாது. தறியும் கோயிலும் தேர்தலும் ஒரே தெருக்களில் நிகழ்ந்தன.

பின்னர் 1985-இல் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் ஒதுக்கப்பட்ட பொருள்கள் 22. 1996-இல் அவை 11 ஆகச் சுருங்கின. 1993-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. 2005-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. புவிசார் குறியீட்டிற்கெனப் பதிவு அலுவலகத்திற் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்களை வரலாற்று ஆவணங்களாகவும் படித்தல் வேண்டும். ஒரு தொழில் தன் பழமையைச் சட்டத்தின் முன் நிறுவ முற்படுங்கால் எந்நூலை மேற்கோள் காட்டுகின்றது, எதனை விடுகின்றது என்பது நோக்கத்தக்கது. யாம் தொடக்கத்திற் கூறிய நானூறு ஆண்டுக் கதை கடைத்தாளில் இருக்கும் வரையில் நகைப்பிற்குரியது. வழக்குமன்றத்தில் ஒரு நெசவாளர் சங்கம் தன் உரிமைக்குச் சான்றாக அதனை நீட்டுமாயின், எதிர்வழக்காளர் ஆண்டுக் கணக்கைக் கேட்ட அளவில் அது உடையும். செப்பேடோ உடையாது. தமிழ்த் துறையார் கல்வெட்டைப் படித்துத் தமிழில் எழுதிவைத்தலின் தேவை இங்குத்தான் உளது. தறியில் இருப்போர் ஆங்கில நூல்களைத் தேடிச் செல்ல இயலார்.

மேற்கூறிய தறி நூல்களுள் தமிழில் எழுந்தது ஒன்றும் இல்லை என்பதனை வாசகர் கவனித்திருப்பர். விசயா இராமசாமியின் நூலினின்றும் காஞ்சி பற்றிய பகுதிகளையேனும், அவர் காட்டும் கல்வெட்டுகளின் மூலத்துடன் சேர்த்து, ஒரு முதுகலை மாணவர் தமிழாக்கித் தரக் கூடும். உத்தம சோழன் செப்பேட்டிற்குச் சொல்லடைவுடன் கூடிய தமிழ் உரையொன்று எழுதுதலும் ஓராண்டில் முடியும் வேலையே.

அவ்வுரையை எழுதப் புகுவோர், செப்பேட்டின் படியைக் கையிற் கொண்டு உலகளந்த பெருமாள் கோயிலுக்கு ஒரு முறையும், அங்கிருந்து பிள்ளையார்பாளையத்துத் தறிக் கூடங்களுக்கு ஒரு முறையும் நடந்து செல்வாராக. பாவு, ஊடை, அச்சு, விழுது எனத் தறியில் வழங்கும் சொற்களை நெசவாளர் வாயினின்றே கேட்டு எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.